கிரேனைக் கொடுக்க வேண்டாம், கேட் பாஸ் கொடுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒரு கணினி விளையாட்டுக்குள் கட்டிக்கொண்டிருக்கிறோம். விளையாட்டின் பெயர் லுவான்டி. 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. பின்லாந்தைச் சேர்ந்த பெர்த்து ஆஹோலா 2010இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. கட்டை மேல் கட்டை வைத்து உலகம் எழுப்ப வேண்டும், ஒரு கட்டைக்கு ஒரு மீட்டர். தூரத்தைக் கொஞ்சம் சுருக்கி, பொன்னேரியில் தொடங்கி கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஸ்கிராப் யார்டு இருக்கிறது. நடுவில் இண்டக்‌ஷன் உலையும் ரோலிங் மில்லும். பிள்ளைகளில் பலருக்கு அப்பா வேலை பார்க்கும் இடம் அது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். அப்பா கேட்டுக்குள் நுழைந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. உலையை அத்தனை கவனமாகக் கட்டியிருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டி முடித்தால் ஓட்ட வேண்டுமே. "அண்ணா, கிரேன நாங்களே கோட் எழுதி ஓட்டலாமா?" என்று எட்டாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள். தாராளமாக ஓட்டலாம். அதற்கு முன்னால் சர்வர் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. சர்வருக்குள் உயிரோடு இருக்கும் ஒரு பொருளை, அதே சர்வருக்குள் ஓடும் ஒரு ஸ்கிரிப்டின் கையில் எப்படி ஒப்படைப்பது? நான் ஆட்டோமேஷன்காரன். பகலெல்லாம் ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி., அவற்றைத் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா. ஆலையிலும் இதே கேள்விதான் வேறு உடையில் வரும். இரண்டு இடத்துக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றே: பொருளைக் கையில் கொடுக்கக் கூடாது. அதனிடம் கேட்கும் உரிமையை மட்டும் கொடுக்க வேண்டும்.

லுவான்டியின் எஞ்சின் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. விளையாட்டின் விதிகள் லுவா மொழியில். லுவா என்றதும் பலருக்கு விளையாட்டுதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்தது. 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், டெக்கிராஃப் என்ற ஆய்வுக் குழுவில், ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே பெட்ரோப்ராஸ் நிறுவனத்துக்காக இரண்டு சின்ன மொழிகள் அந்தக் குழுவில் உருவாகியிருந்தன. ஒன்று, கணிப்பு மென்பொருள்களுக்குத் தரவு உள்ளிடுவதற்கு. மற்றொன்று, பாறை அடுக்குகளைப் பற்றிய அறிக்கைகளை வேண்டிய வடிவில் எடுப்பதற்கு. இரண்டையும் சேர்த்து ஒரே மொழியாக்கலாமே என்று யோசித்தபோது பிறந்ததுதான் லுவா. அதை எழுதப்போகிறவர்கள் நிரல் எழுதியே பிழைப்பவர்கள் அல்ல, பொறியாளர்கள். அதனால் இலக்கணம் சின்னதாக இருந்தது. வேறொரு பெரிய நிரலுக்குள் உட்கார்ந்து, அந்த நிரல் அனுமதிப்பதை மட்டும் செய்வதுதான் அதன் பிறவிக் குணம். 1998இல் லூகாஸ்ஆர்ட்ஸ் தன் கிரிம் ஃபண்டாங்கோ விளையாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகுதான் விளையாட்டு உலகம் திரும்பிப் பார்த்தது. தொழிற்பேட்டையில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு மொழியைச் சொல்லித்தர வேண்டும் என்றால், தொழிற்சாலைப் பொறியாளர்களுக்காகவே தோன்றிய இந்த மொழியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது கிரேனுக்கு வருவோம்.

எஞ்சினுக்குள் கிரேன் என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் ஒரு பொருள். சி பிளஸ் பிளஸ்ஸில் அந்த இடத்தின் முகவரியை ஒரு பாயின்டரில் வைத்துக்கொள்வோம். லுவாவிடம் ஒரு பொருளைக் காட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, அந்தப் பாயின்டரையே யூசர்டேட்டா என்ற லுவா பெட்டிக்குள் போட்டுக் கொடுத்துவிடுவது. பத்து வரியில் வேலை முடியும், உடனே ஓடவும் ஓடும். சிக்கல் பிறகுதான் வரும். கிரேன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று தீர்மானிப்பது எஞ்சின். கொடுத்த பாயின்டரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஸ்கிரிப்ட். இந்த இரண்டு ஆயுளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிரேன் போய்விட்ட பிறகு ஸ்கிரிப்ட் அதைத் தொட்டால், நினைவகத்தில் அந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கும். சர்வர் விழுந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. விழாமல் வேறொரு பொருளின் தரவை மாற்றிவிட்டால்தான் துன்பம்.

யாரும் அழிக்காமல் கிரேன் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். லுவான்டி தன் உலகத்தை 16க்கு 16க்கு 16 என்ற கனசதுரத் துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒரு துண்டின் அருகில் ஆட்டக்காரர் யாரும் இல்லையென்றால் சர்வர் அதைச் செயலிலிருந்து எடுத்துவிடும். அதற்குள் இருக்கும் கிரேன், ட்ரக், நாய் எல்லாம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டு, நினைவகத்திலிருந்து போய்விடும். நம் பிள்ளை யார்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து போனாலே போதும், யார்டில் கிரேன் கிடையாது. திரும்பி வந்தால் அதே இடத்தில் அதே கிரேன் நிற்கும். கண்ணுக்கு அதே கிரேன்தான். எஞ்சினுக்கு அது புதிதாகப் பிறந்த பொருள், புதிய எண்ணோடு. அந்த எண் 16 பிட் எண், 65,535க்கு மேல் போகாது. அதனால் பழைய எண்களே சுழற்சியில் மறுபடி வரும். நேற்று கிரேனுக்கு இருந்த எண் இன்று நாய்க்கு இருக்கலாம்.

சிப்காட் கேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு டோக்கன் எண்ணும் கேட் பாஸும் கொடுப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த டோக்கன் எண் அடுத்தவருக்குப் போகும். பழைய பாஸை வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தால், எண் மட்டும் பார்க்கும் செக்யூரிட்டி உள்ளே விட்டுவிடுவார். தேதியையும் சேர்த்துப் பார்ப்பவர் நிறுத்திவிடுவார். ஸ்கிரிப்டுக்குக் கொடுக்க வேண்டியதும் இப்படி ஒரு பாஸ்தான்: இடத்தின் எண், அதோடு அந்த இடம் எத்தனையாவது முறையாக ஒதுக்கப்பட்டது என்ற தலைமுறை எண். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சர்வர் தன் பதிவேட்டைத் திறந்து இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் வேலை நடக்கும். இல்லையென்றால் "அந்தப் பொருள் இப்போது இல்லை" என்று தெளிவாகச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தேடல் கூடுதல் செலவு என்று சிலர் தயங்குவார்கள். ஓர் அட்டவணைத் தேடலுக்கு ஆகும் நேரம், பாயின்டர் பிழையைத் துரத்தும் இரவுகளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விளையாட்டு சர்வர்களின் வரலாற்றில் இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஸ்வீடனின் லார்ஸ் பென்ஷோ 1989இல் எல்.பி.மட் என்ற எழுத்து வழி விளையாட்டுச் சர்வரை எழுதினார். அதற்குள் எல்.பி.சி. என்ற மொழி. ஆட்டக்காரர்களிலேயே தேறியவர்கள் புதிய அறை, ஆயுதம், பூதம் எல்லாவற்றையும் அந்த மொழியில் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் உலகத்துக்குள் ஏற்றலாம். ஒரு பொருளை அழித்துவிட்டால், அதைச் சுட்டிக்கொண்டிருந்த எல்லா மாறிகளும் சுழியமாகிவிடும். எழுதுகிறவர் சுழியமா என்று பார்த்துக்கொண்டால் போதும். வலை என்பதே பரவாத காலத்தில், முன்பின் தெரியாதவர்கள் எழுதும் நிரலை ஓடும் சர்வருக்குள் அனுமதிக்கும் தைரியம் அவர்களுக்கு வந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். இன்று படித்தாலும் எனக்கு அதன் மேல் மரியாதை கூடுகிறது.

லுவான்டியும் ஏறத்தாழ அதே வழியில்தான் போகிறது. லுவாவுக்கு அது கொடுப்பது ஆப்ஜெக்ட்ரெஃப் என்ற ஒரு உறை. உறைக்குள் பாயின்டர் இருக்கும். பொருள் செயலிலிருந்து போகும்போது எஞ்சின் அந்த உறையைத் தேடிப் போய் உள்ளே இருப்பதை வெறுமையாக்கிவிடும். பிறகு அதனிடம் இருப்பிடம் கேட்டால், லுவாவில் 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் நில் (nil) பதிலாக வரும், சர்வர் விழாது. அதோடு, இந்த உறையைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், வேலை முடிந்ததும் விட்டுவிடுங்கள் என்று ஆவணத்தில் அறிவுரையும் இருக்கிறது. வார்கிராஃப்ட் வகைச் சர்வர்களுக்கான எலூனா என்ற லுவா இணைப்பு இன்னும் கண்டிப்பு. ஒரு நிகழ்வுக்காக ஸ்கிரிப்டை அழைத்து, அது முடிந்து திரும்பியவுடன், அந்த அழைப்பில் கொடுத்த பொருள்கள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடும். பிறகு வேண்டுமென்றால் அடையாள எண்ணை வைத்து மறுபடி தேடிக்கொள்ள வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பாஸ் என்ற முறை. பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சர்வர் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு எலூனாவின் கண்டிப்புதான் பிடித்திருக்கிறது.

ஆப்ஜெக்ட்ரெஃபையே பிள்ளைகள் கையில் நேராகக் கொடுத்தால் என்ன? சர்வர் விழாது என்பது உண்மை. ஆனால் அந்த உறையை வைத்திருப்பவர் கிரேனை உலகின் எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம், அழித்தே விடலாம். அது மாட், அதாவது விளையாட்டின் மேல் ஏற்றும் கூடுதல் தொகுப்பு, எழுதும் பெரியவர்களுக்கான கருவி. பிள்ளைகளுக்கு அதற்கு உள்ளே இன்னொரு வேலி வேண்டும்.

அந்த வேலிக்கு எனக்குப் பாடப்புத்தகமாக இருந்தது மெசிகான்ஸ் என்ற மாடில் இருக்கும் லுவாகன்ட்ரோலர். மின்சுற்றுக் கட்டைகளுக்கு நடுவில் வைக்கும் ஒரு சின்னக் கட்டை அது. ஆட்டக்காரர் அதைத் திறந்து, உள்ளே லுவா நிரல் எழுதலாம். அதன் அழகு, ஒரு பொருளைக்கூட அது ஸ்கிரிப்டிடம் கொடுப்பதில்லை. நான்கு பக்கத்திலும் மின்சாரம் வருகிறதா இல்லையா என்று ஒரு பட்டியல் உள்ளே போகும். எந்தப் பக்கம் மின்சாரம் விட வேண்டும் என்று ஒரு பட்டியல் வெளியே வரும். ஓடி முடித்த பிறகு சர்வர் அந்தப் பட்டியலைப் படித்து, தானே வேலையைச் செய்யும். எங்கள் ஆலையின் பி.எல்.சி. ஸ்கேனும் இதே மாதிரிதான்: இன்புட்டைப் படி, லாஜிக்கை ஓட்டு, அவுட்புட்டை எழுது. பி.எல்.சி. தெரிந்த அப்பாக்களுக்கு இதைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதன் உள் வேலைப்பாடு ஒவ்வொன்றும் படிக்க வேண்டியது. நிரல் 10,000 கட்டளைகளைத் தாண்டினால், கட்டளைகளை எண்ணும் ஒரு ஹூக் குறுக்கே வந்து நிறுத்திவிடும். ஆனால் லுவான்டி வழக்கமாக ஓடுவது லுவாஜிட்டில். லுவாஜிட் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டால், மாற்றிய பகுதி ஹூக்கைக் கண்டுகொள்வதில்லை. அதனால் ஆட்டக்காரர் எழுதிய நிரலுக்கு மட்டும் அந்த மாற்றத்தை முன்கூட்டியே அணைத்துவைக்கிறார்கள். இதைத் தவறவிட்டால், முடிவில்லாத ஒரு சுற்று மொத்த சர்வரையும் பிடித்து நிறுத்திவிடும். லுவான்டி சர்வரின் ஒரு ஸ்டெப் இயல்பாக 0.09 விநாடி. அதற்குள் எல்லா ஆட்டக்காரருக்கும் உலகம் ஒரு படி நகர வேண்டும். பிழையைப் பிடித்து வைக்கும் பீகால் வசதியை உள்ளே விடவில்லை. விட்டால், ஹூக் எழுப்பும் பிழையையே ஸ்கிரிப்ட் பிடித்து விழுங்கிவிட்டுச் சுற்றைத் தொடரும். ஒரு எழுத்தைக் கோடி முறை திரும்ப எழுதச் சொன்னால் கட்டளைக் கணக்கில் அது ஒன்றுதான், நினைவகமோ நிரம்பிவிடும். ஆகவே அதற்கு 64,000 என்று தனி வரம்பு. நிரலின் முதல் பைட் 27 என்றால் அது முன்பே தொகுத்த பைட்கோடு, வாசலிலேயே மறுப்பு. தொகுத்த பைட்கோடைத் திருத்தி அனுப்பி எஞ்சினையே கவிழ்க்க முடியும். சரங்களின் வழியாக ஒரு கள்ளக்கதவும் உண்டு. ஸ்டிரிங் நூலகத்தை ஸ்கிரிப்டின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டாலும், எந்தச் சரத்துக்கும் பின்னால் இருக்கும் மெட்டாடேபிள் என்ற விதிப் பட்டியல் வழியாகவும் முழு நூலகத்தையும் எட்டிவிடலாம். ஆகவே ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் அதையும் மாற்றிவைக்கிறார்கள். அடிக்கடி தூண்டிவிட்டால் கட்டை சூடேறிக் கருகிப்போகும். இந்த ஒன்று பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விதி. ஏன் கருகியது என்று கேட்டுக் கேட்டே நிகழ்வு என்றால் என்ன, சுற்று என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள்.

ரயிலுக்கு அட்வ்ட்ரெயின்ஸ் என்ற மாடைப் பயன்படுத்துகிறோம். அதற்கும் லுவா வழியாக சிக்னல், பாயின்ட் இயக்கும் தனித் தொகுப்பு உண்டு. அதைத் தொடத் தனி அனுமதி வேண்டும். ஆகவே பொன்னேரியிலிருந்து வரும் லோக்கலை நாங்கள் பெரியவர்கள்தான் ஓட்டுகிறோம்.

கிரேனுக்கு லுவாகன்ட்ரோலர் முறை முழுவதும் போதாது. யார்டில் பல கிரேன், பல கேட், ஒரு வேபிரிட்ஜ். "வேபிரிட்ஜில் லாரி நிற்கிறதா? நின்றால் இரண்டாவது கிரேனை நகர்த்து" என்று எழுத வேண்டும் என்றால், பெயர் சொல்லிக் கூப்பிட ஏதாவது கையில் வேண்டும். அதனால் நாங்கள் எழுதிய மாடில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சொந்தமாக ஒரு நிரந்தர அடையாளம். எஞ்சின் அதைச் செயலிலிருந்து எடுக்கும்போது சேமிக்கும் எழுத்திலேயே அடையாளமும் போகும். மறுபடி உயிர் வரும்போது பதிவேட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். இந்த அடையாளம் ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை கொடுத்தது மறுபடி வராது. ஆகவே தலைமுறை எண் தனியாகத் தேவைப்படவில்லை. அதை எண்ணாக வைக்காமல் சரமாக வைத்திருக்கிறோம். லுவாஜிட்டின் சாதாரண எண்கள் எல்லாம் டபுள் வகை, 9,007,199,254,740,992க்கு மேல் ஒற்றை இலக்கம் தொலையத் தொடங்கும். எங்கள் யார்டு அந்த எண்ணைத் தொடப்போவதில்லை. ஆனாலும் பெரிய சர்வர்களின் 64 பிட் அடையாளங்களில் இது நிஜமான சிக்கல், பிள்ளைகள் ஆரம்பத்திலேயே சரியான பழக்கத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தோம்.

ஸ்கிரிப்டின் கையில் போவது ஒரு வெற்று டேபிள். அடையாளம்கூட அதற்குள் இருக்காது. எந்த டேபிளுக்கு எந்த அடையாளம் என்ற குறிப்பு சர்வர் பக்கம் மறைவாக இருக்கும். மெட்டாடேபிளைப் பூட்டியாயிற்று, புதிதாக எதையும் அதன் மேல் எழுத முடியாது. ஒரே கிரேனை இரண்டு முறை தேடினாலும் அதே டேபிள்தான் திரும்பி வரும். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் "இதுவும் அதுவும் ஒன்றா?" என்று பிள்ளைகள் சமக்குறி போட்டுப் பார்ப்பார்கள். கண்ணெதிரே ஒரே கிரேன் நிற்க, இல்லை என்று பதில் வந்தால் மொழியின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நான் மிகவும் பிடிவாதமாக இருந்தது இனி சொல்வதில்தான். கிரேனின் உயரம் என்று ஒரு பண்பைத் திறந்துவிட்டு, அதில் வேண்டிய எண்ணை எழுதச் சொல்லலாம். எழுதுவதற்கு எளிது. நாங்கள் அதைச் செய்யவில்லை. பண்பைப் படிக்கலாம், எழுத முடியாது. மாற்ற வேண்டும் என்றால் வினைச்சொல்தான்: தூக்கு, இறக்கு, நகர், நில். ஆலையிலும் அப்படித்தானே? ஸ்காடா மென்பொருள்களை எடுங்கள்: சீமென்ஸின் வின்சிசியில் விபிஸ்கிரிப்ட் எழுதலாம், இக்னிஷனில் பைத்தான் எழுதலாம். இரண்டிலும் ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது டேகின் பெயர். திரையிலிருந்து போவது ஒரு கோரிக்கை. மில் ஸ்டாண்டு நின்றுபோயிருந்தால், மறுசூடாக்கும் உலைக்குள் பில்லெட்டைத் தள்ளும் புஷ்ஷரை யார் எந்தத் திரையிலிருந்து அழுத்தினாலும் அது நகரக் கூடாது. அந்த இன்டர்லாக் இருக்க வேண்டிய இடம் பி.எல்.சி.யும் அதற்குக் கீழே இருக்கும் வயரிங்கும். திரையில் ஓடும் ஸ்கிரிப்டை நம்பி யாரும் கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அப்பா வேலை செய்யும் இடத்தில் அவர் உயிரைக் காப்பது இந்த ஒழுங்குதான் என்பதைப் பிள்ளைகள் விளையாட்டிலேயே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். ஆகவே எங்கள் கிரேனின் கீழே ஒரு ஆட்டக்காரர் நின்றால் இறக்கு வேலை செய்யாது. ஏன் செய்யவில்லை என்ற காரணத்தோடு பதில் வரும். ஸ்கிரிப்ட் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும் அதைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அந்த விதி ஸ்கிரிப்டின் உலகத்திலேயே இல்லை.

இறக்கு என்று சொன்னதும் கிரேன் இறங்கி முடிக்கும் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கவும் கூடாது. கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன் என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். இறங்கி முடிந்ததும் "முடிந்தது" என்று ஒரு நிகழ்வாகச் செய்தி வரும். முதலில் பிள்ளைகள் குழம்பினார்கள். இறக்கு, பிடி, தூக்கு என்று மூன்று வரி எழுதிவிட்டு, கொக்கி காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவதைப் பார்த்தார்கள். எட்டாவது படிக்கும் அந்தப் பெண்தான் மற்றவர்களுக்கு விளக்கினாள்: "நீ சொன்னா உடனே இறங்கிடுமா? அது கிரேன்டா, டைம் எடுக்கும்." இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

அனுமதி விஷயத்தில் நாங்கள் நீண்ட நேரம் விவாதித்தோம். ஒரு பிள்ளை எழுதிய ஸ்கிரிப்டை, வேறொரு பிள்ளை பொத்தானை அழுத்தி ஓட்டுகிறது. கிரேன் மூன்றாமவருடைய நிலத்துக்கு மேல் போகிறது. யாருடைய அனுமதியைப் பார்ப்பது? அழுத்தியவருடைய அனுமதி என்றால், நிறைய உரிமை உள்ள ஒருவரை ஏமாற்றி அழுத்த வைத்து, எழுதியவர் தனக்கில்லாத உரிமையைப் பயன்படுத்திவிடலாம். எழுதியவருடைய அனுமதியைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஸ்கிரிப்ட் இருக்கும் ஒவ்வொரு கட்டையும் அதை எழுதியவரின் பெயரைச் சுமக்கும். ஒவ்வொரு வினைச்சொல்லும் ஓடுவதற்கு முன், அந்தப் பெயருக்கு அந்த இடத்தில் உரிமை உண்டா என்று லுவான்டியின் பாதுகாப்புச் சோதனையைக் கேட்கும். யாராவது நிரலைத் திருத்தினால் பெயரும் திருத்தியவருடையதாக மாறும். திருத்திய கையே பொறுப்பும் ஏற்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு லுவாவின் இஃப், தென், எண்டு பழகிவிட்டது. அவை இருபத்துச் சொச்சம் சொற்கள்தான், மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் கிரேனை இயக்கும் சொற்கள் பெருகிக்கொண்டே போகும். அவை தமிழில் இருந்தால் என்ன? லுவாவின் மூல வடிவம் பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதையும் வழக்கமாக ஏற்காது. லுவாஜிட் 127க்கு மேற்பட்ட எல்லா பைட்டுகளையும் பெயரின் எழுத்தாக ஏற்றுக்கொள்கிறது. யூடிஎஃப் 8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், மூன்றும் 127க்கு மேல். ஆகவே லுவாஜிட்டோடு தொகுத்த லுவான்டியில் இப்படி எழுதலாம்:

கிரேன்:இறக்கு(2)
கேட்:திற()

ஓடுகிறது. முதல் முறை ஓடியபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்கத் தோன்றவில்லை. முழுக்கத் தமிழிலேயே நிரல் மொழி வேண்டும் என்று முத்து அண்ணாமலை எழில் மொழியை உருவாக்கி, 2009இலேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். திறவுச்சொற்களும் அதில் தமிழ்தான். அது பைத்தான் மேல் ஓடுவது, லுவான்டி எஞ்சினோ லுவா மட்டுமே பேசும். அதனால் அதை இதற்குள் வைக்க வழியில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பெயர் வைத்து நிரல் எழுதுவது இயல்பான காரியம் என்று எங்களுக்குத் தோன்றியதே எழிலைப் பார்த்துத்தான்.

தமிழ்ப் பெயரோடு ஒரு நுணுக்கமான பிழையும் கூட வரும். கொக்கி என்ற சொல்லை எடுங்கள். கொ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சில விசைப்பலகைகள் ஒன்றைத் தரும், சில மற்றதைத் தரும். முதல் வகையில் கொக்கி 18 பைட், இரண்டாம் வகையில் 21. லுவாஜிட் பைட்டுகளை மட்டுமே பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரு பிள்ளை வீட்டு லேப்டாப்பில் எழுதியது மற்றொரு பிள்ளையின் கைப்பேசியில் எழுதியதோடு பொருந்தாது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. தீர்வு எளிது. ஸ்கிரிப்டைத் தொகுப்பதற்கு முன் ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகள், தனி ஔ ஆகிய நான்கின் பிரிந்த வடிவத்தையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். லுவாவில் நான்கு வரி. ஔகாரத்தின் இரண்டாம் பாதிக்குப் பதில் ளகரத்தையே தட்டுகிற பழக்கம் உண்டே, அதை இந்த மாற்றம் பிடிக்காது. அதைப் பிடிக்கப் போனால் சரியான சொற்களும் கெட்டுப்போகும். அதனால் இயந்திரங்களின் வினைச்சொற்களில் ஔகாரமே வராமல் பார்த்துக்கொண்டோம்.

இப்போது கையில் இருக்கும் வேலை பிழைச் செய்திகள். பாஸ் செல்லாமல் போனால், உரிமை இல்லாவிட்டால், இன்டர்லாக் தடுத்தால், மூன்றுக்கும் லுவாவின் இயல்பான செய்தி பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாது. நில் (nil) மதிப்பைத் தொட்டாய் என்று ஆங்கிலத்தில் திட்டும், அவ்வளவுதான். எந்த வரி, எந்த இயந்திரம், ஏன் நடக்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்ற நான்கும் ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். செய்திகளைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், நான் படித்துப் பார்த்துச் சேர்க்கிறேன். நேற்று சேர்த்தது இது: "வரி 12: கிரேன் 2 இப்போது செயலில் இல்லை, அதன் அருகில் யாரும் இல்லை. யார்டுக்குப் போய்விட்டு மறுபடி தேடு." இன்டர்லாக்கிற்கான செய்தி இன்னும் முடிவாகவில்லை. கீழே நிற்பவரின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று சண்டை நடக்கிறது. பெயர் சொன்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து விளையாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கிரேனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறான் ஒரு பையன். அவன் சொல்வது சரி. "கீழே ஆள் இருக்கிறார்" என்பதோடு நிறுத்தப்போகிறோம்.